ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’... மூட்டுவாதம் வந்துவிட்டதா?

காலையில் எழுந்ததும் கைவிரல்கள் மடங்க மறுக்கின்றன. பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. காபி டம்ளர் நழுவுகிறது. வெந்நீரில் கையை விட்டுப் பிசைந்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் விரல்கள் வசத்துக்கு வருகின்றன. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை லேபுக்குப் போகிறோம். ‘ஆர்த்ரைட்டிஸ் புரொஃபைல்’ என்று ஒரு தொகுப்பு அங்கே இருக்கிறது. ரத்தம் கொடுக்கிறோம். மாலையில் கவர் வருகிறது. பிரித்தால், ‘ஆர்.ஏ. ஃபேக்டர் - பாசிட்டிவ்’!

அவ்வளவுதான், வீடே கலங்கிப் போய்விடுகிறது.

புதுச்சேரியில் சித்த மருத்துவம் பார்க்கும் என்னிடம் இந்தக் கவரோடு வருகிறவர்கள் ஏராளம். நாடி பார்க்கக் கையை நீட்டுவதற்கு முன்பே கவரை நீட்டிவிடுவார்கள்! அவர்களில் இரண்டு பேரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, 23 வயது மகளோடு வந்தார். வேலையில் சேரும்போது செய்த முழு உடல் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். “டாக்டர், பொண்ணுக்கு இடம் பார்த்துக்கிட்டு இருக்கோம். மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சா என்ன ஆவறது? கை கால் முடங்கிப் போயிடுமாமே?” என்று கண் கலங்கினார். அந்தப் பெண்ணுக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை, காலையில் விறைப்பும் இல்லை.

இன்னொருவர் முத்தியால்பேட்டையில் தையல் வேலை செய்பவர். வயது 36. எட்டு மாதமாக இரண்டு கை விரல் மூட்டுகளிலும் வீக்கம். ஆனால் அவருடைய கவரில் இருந்தது ‘நெகட்டிவ்’. “வாதம் இல்லைன்னு ரிப்போர்ட்லயே போட்டுட்டாங்க. தைக்கிறதால வர்ற வலிதான்னு விட்டுட்டேன்” என்றார். வலி மாத்திரையிலேயே எட்டு மாதம் ஓடியிருந்தது.

பாசிட்டிவ் வந்த பெண்ணுக்கு நோய் இல்லை. நெகட்டிவ் வந்தவருக்கு நோய் இருந்தது! இரண்டு தாளிலும் தப்பில்லை. அவற்றைப் படித்த விதத்தில்தான் தப்பு. எப்படிப் படிக்க வேண்டும் என்று பார்ப்போம்.

வீட்டுக்காரரையே பிடிக்கும் போலீஸ்

புதுச்சேரிவாசிகளுக்குச் சிவப்புத் தொப்பி போலீஸைத் தெரியாமல் இருக்காது. நம் ரத்தத்திலும் அப்படி ஒரு காவல் படை உண்டு. கிருமி உள்ளே நுழைந்தால், அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொண்டு பிடித்துக் கொடுக்கும் புரதங்கள். இவற்றை ஆன்டிபாடி என்கிறோம். தமிழில் எதிர்ப்பொருள்.

சிலருக்கு இந்தக் காவல் படைக்கு ஆள் அடையாளம் மாறிவிடுகிறது. திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே பிடிக்கிறது! சொந்த உடலின் மூட்டு, தோல், சிறுநீரகம், எச்சில் சுரப்பி இவற்றின் மீதே பாய்கிற எதிர்ப்பொருளுக்கு ஆட்டோ ஆன்டிபாடி என்று பெயர். முடக்குவாதம், லூப்பஸ், கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோகிரன் நோய், தோல் தடித்து இறுகும் ஸ்கிளீரோடெர்மா போன்ற நோய்களில் இவை ரத்தத்தில் தென்படுகின்றன. இவற்றைத் தேடுவதுதான் இந்தப் பரிசோதனைகளின் வேலை.

இவற்றில் நம் ஊரில் அதிகம் பேசப்படுவது முடக்குவாதம். பழைய தலைமுறை சரவாங்கி என்று சொல்லும். நாங்கள் வளி அழல் கீல்வாயு என்போம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும் நோய் இது.

ஆர்.ஏ. ஃபேக்டர் என்ன சொல்கிறது?

1940-ல் நார்வே நாட்டு மருத்துவர் எரிக் வாலர் ஒரு விநோதத்தைக் கண்டு எழுதினார். செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களின் மேல் முயலின் எதிர்ப்பொருளைப் பூசி, அதில் முடக்குவாத நோயாளியின் ரத்த நீரை விட்டால் அணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டன. 1948-ல் அமெரிக்காவில் ஹாரி ரோஸ் குழுவினரும் இதையே கண்டார்கள். 1956-ல் சிங்கர், ப்ளாட்ஸ் என்ற இருவர், ஆட்டு ரத்தத்துக்குப் பதில் லேட்டக்ஸ் மணிகளைப் பயன்படுத்தும் எளிய முறையைக் கொண்டுவந்தார்கள். பரிசோதனை எல்லா ஊர்களுக்கும் பரவியது.

ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது மற்ற எதிர்ப்பொருள்களின் மீதே ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருள். போலீஸையே பிடிக்கும் போலீஸ்! முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய 100-க்கு 70 பேரிடம் இது இருக்கும். மீதி 30 பேரிடம் இருக்காது. தையல்காரப் பெண்மணி இந்த 30 பேரில் ஒருவர்.

சரி, நோய் இல்லாதவர்களிடம் இது இருக்காதா? இருக்கும். அங்கேதான் சிக்கல்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். டெல்லிக்கு அருகே கிராமப்புறத்தில் பேராசிரியர் மாளவியா குழுவினர் நடத்தி 1993-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருந்தது. அதே விகிதத்தில் நம் ஊரில் 1000 பேரை வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நோய் உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் பாசிட்டிவ் வருபவர்கள் 5 பேர். மீதி 992 பேருக்கு நோயில்லை. ஆனால் நோயில்லாதவர்களிலும் 100-க்கு 5 பேருக்கு இந்த ஃபேக்டர் இருக்கலாம். அப்படியானால் அவர்களில் மட்டும் சுமார் 50 பேருக்குப் பாசிட்டிவ். ஆக மொத்தம் 55 கவர்களில் ‘பாசிட்டிவ்’. அதில் உண்மையான நோயாளிகள் 5 பேர்தான்!

லாஸ்பேட்டைப் பெண்ணின் கவர் அந்த 50-ல் ஒன்று. அறிகுறியே இல்லாமல் எடுத்த பரிசோதனையின் கதி இதுதான்.

வயது ஏற ஏற, நோயில்லாமலே இது பாசிட்டிவ் ஆகும் வாய்ப்பு கூடுகிறது. காசநோய், தொழுநோய், ‘சி’ வகைக் கல்லீரல் அழற்சி, இதய வால்வில் கிருமித் தொற்று போன்றவற்றிலும் பாசிட்டிவ் வரும். 2006-ல் தென்னிந்தியாவையே முடக்கிப்போட்ட சிக்குன்குனியா நினைவிருக்கிறதா? அதன் மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்து, முடக்குவாதம் போலவே தோற்றம் காட்டும். ஆகவே, “மூட்டுவலிக்கு முன்னால காய்ச்சல் வந்ததா?” என்ற ஒரு கேள்வி, சில சமயம் ரத்தப் பரிசோதனையைவிட அதிகம் சொல்லிவிடும்.

ஆன்டி சி.சி.பி. - கொஞ்சம் நம்பகமான சாட்சி

1998-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான துப்பைக் கண்டுபிடித்தார்கள். நம் உடல் புரதங்களில் உள்ள அர்ஜினின் என்ற பொருள் சிட்ருலின் என்ற வேறொரு பொருளாக மாறுவது உண்டு. முடக்குவாத நோயாளியின் எதிர்ப்பொருள்கள் இப்படி மாறிய புரதங்களைத்தான் குறிவைக்கின்றன என்று தெரிந்தது. அதிலிருந்து பிறந்ததே ஆன்டி சி.சி.பி. பரிசோதனை.

இதுவும் நோயாளிகள் எல்லோரையும் பிடித்துவிடாது. 100-க்கு 67 பேர் அளவில்தான் பிடிக்கும். ஆனால் நோயில்லாதவர்களை வீணாக மாட்டிவிடுவது குறைவு. நோயில்லாத 100 பேரில் 95 பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டும். தையல்காரப் பெண்மணிக்கு இதை எடுக்கச் சொன்னேன். மிக அதிக அளவில் பாசிட்டிவ் வந்தது. அன்றே கடிதம் எழுதி மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பினேன். வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குள் கோணத் தொடங்கியிருந்தன. மற்ற எட்டும் பிழைத்தன. இன்றும் அவர் தைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த எதிர்ப்பொருள், நோய் வெளியே தெரியும் முன்பே ரத்தத்தில் தோன்றிவிடுவதும் உண்டு. நெதர்லாந்தில் ரத்த தானம் செய்து, பிற்காலத்தில் முடக்குவாதம் வந்த 79 பேரின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்து 2004-ல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, நோய் தொடங்கும் முன்பே ஆர்.ஏ. ஃபேக்டரோ ஆன்டி சி.சி.பி.யோ பாசிட்டிவ். பலருக்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே!

அதனால்தான் லாஸ்பேட்டை அம்மாவிடம் “இதைத் தூக்கிப் போடுங்கள்” என்று நான் சொல்லவில்லை. “இது நோய் இல்லை, மருந்தும் வேண்டாம். காலை விறைப்போ வீக்கமோ வந்தால் மட்டும் தாமதிக்காமல் வாருங்கள்” என்றேன். புகைக்கும் பழக்கம் இந்த நோயைத் தூண்டிவிடும் என்பதால், வீட்டில் யாராவது புகைத்தால் அதையும் நிறுத்தச் சொன்னேன்.

பத்துக்கு எத்தனை மதிப்பெண்?

அப்படியானால் மருத்துவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத அமைப்புகள் சேர்ந்து ஒரு மதிப்பெண் முறையை வகுத்தன. மொத்தம் 10. எத்தனை மூட்டுகள், எந்த மூட்டுகள் என்பதற்கு 5 வரை. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டுக்கும் சேர்த்து 3 வரை. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற அழற்சிப் பரிசோதனைகளுக்கு 1. ஆறு வாரமோ அதற்கு மேலோ நீடித்தால் 1. வீக்கத்துக்கு வேறு காரணம் இல்லையென்று பார்த்த பிறகு, 6 மதிப்பெண் வந்தால் முடக்குவாதம் என்று கொள்ளலாம்.

கவனித்தீர்களா? ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு ஏறியிருந்தாலும் அதற்குக் கிடைப்பது 3 தான். தாள் மட்டும் ‘பாஸ்’ ஆக முடியாது! மூட்டைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் விரலுக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

ஆனால் தாமதம் கூடாது. எலும்பு அரிப்பு, நோய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே ஆரம்பித்துவிடலாம். கோணிப்போன விரலை எந்த வைத்தியத்தாலும் பழையபடி நிமிர்த்துவது கடினம்.

பச்சையாய் ஒளிரும் ஏ.என்.ஏ.

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் என்பவர், லூப்பஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் ஒரு விசித்திர அணுவைக் கண்டார். இன்னொரு அணுவின் உட்கருவை விழுங்கி வைத்திருந்த வெள்ளையணு அது. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய ஏ.என்.ஏ. பரிசோதனை. உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடுவது இதன் வேலை. கண்ணாடித் தகட்டில் மனித அணுக்களைப் பரப்பி, அதன் மேல் உங்கள் ரத்த நீரை விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள் பச்சையாக ஒளிரும்.

ரிப்போர்ட்டில் 1:80, 1:320 என்று போட்டிருக்கும். பெருங்காயத்தைத் தண்ணீரில் கரைத்து, மேலும் மேலும் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வாசனை போய்விடும் அல்லவா? அதுபோலத்தான். ரத்த நீரை 80 மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்ந்தால் 1:80. 320 மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்ந்தால் 1:320. எண் பெரிதானால் எதிர்ப்பொருள் அதிகம்.

பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 1997-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆரோக்கியமானவர்கள் 100 பேரில் 32 பேருக்கு 1:40 அளவிலேயே பாசிட்டிவ் வந்தது. 1:80-ல் 13 பேர். 1:160-ல் 5 பேர். 1:320-லும்கூட 3 பேர்! காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் போன்ற சில மருந்துகளாலும் இது பாசிட்டிவ் ஆகும். ஆகவே, வெறும் உடம்பு வலிக்கும் அசதிக்கும் ஏ.என்.ஏ. எடுத்துப் பார்த்துவிட்டு, ‘லூப்பஸ்’ என்று பயந்து தூக்கம் கெட வேண்டாம்.

அதே சமயம், அலட்சியப்படுத்தவும் கூடாது. 2019-ல் வந்த லூப்பஸ் விதிமுறையில் 1:80-ஓ அதற்கு மேலோ ஏ.என்.ஏ. இருப்பதுதான் வாசல்படி. கன்னங்களில் வெயில் பட்டால் தடிப்பு, வாய்ப்புண், கொத்துக்கொத்தாக முடி உதிர்தல், கால் வீக்கம், சிறுநீரில் நுரை, இவற்றோடு ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் நாள் கடத்தவே கூடாது. அடுத்து ஆன்டி டி.எஸ்.டி.என்.ஏ., சி3, சி4, சிறுநீரில் புரதம் என்று பார்ப்பார்கள். பணம் அதிகம் தேவைப்படாத சிறுநீர்ப் பரிசோதனைதான் இங்கே சிறுநீரகத்தைக் காப்பாற்றும் காவல்காரன்.

தாயாகப் போகும் பெண்களுக்கு

ஒரு பரிசோதனையை மட்டும் தவறவிடக் கூடாது என்று நான் வற்புறுத்தும் இடம் இது. லூப்பஸ், ஷோகிரன் நோய் உள்ள பெண்களில் பலருக்கு ஆன்டி ரோ என்ற எதிர்ப்பொருள் இருக்கும். இது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். அப்படிப்பட்ட கர்ப்பங்களில் 100-க்கு ஓரிரண்டில், குழந்தையின் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடுகிறது. முன்பே தெரிந்தால், கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்தை ஸ்கேன் மூலம் கண்காணிக்கலாம்.

அதேபோல் அடுத்தடுத்துக் கரு கலைந்தவர்களுக்கும், பத்து வாரத்துக்குப் பிறகு கருவை இழந்தவர்களுக்கும் ஆன்டி பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களைப் பார்ப்பது அவசியம். ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். உறுதியானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிகிச்சையோடு குழந்தை பெற்றவர்கள் நிறையப் பேர். “அவளுக்குக் கரு தங்காது” என்று மாமியார் வீட்டில் பழி சுமக்கும் பெண்ணுக்கு, இந்த ஒரு பரிசோதனை எவ்வளவு பெரிய விடுதலை!

சித்த வைத்தியருக்கு லேப் எதற்கு?

“நாடி பார்த்தே எல்லாம் சொல்லிடுவீங்களே, உங்களுக்கு எதுக்கு ரிப்போர்ட்?” என்று சிலர் கேட்பது உண்டு. வாதத்தின் நிலை நாடியில் தெரியும். ஆன்டி சி.சி.பி. தெரியாது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எண்வகைத் தேர்வு. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எட்டும் பார்க்க வேண்டும். நோயாளியின் காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால், பாம்பு போல் நீண்டால் வாதம், மோதிரம் போல் வளைந்தால் பித்தம், முத்துப் போல் நின்றால் கபம் என்பது நெய்க்குறி. ஆனால் எண்ணெய்த் துளியை மட்டும் பார்த்துவிட்டு மருந்து கொடு என்று எந்த ஆசானும் சொல்லவில்லை. எட்டில் அதுவும் ஒன்று. இன்றைய லேப் ரிப்போர்ட்டுக்கும் அதே நியாயம்தான்.

“எங்கள் மருந்தைச் சாப்பிட்டால் மூன்றே மாதத்தில் ஆர்.ஏ. ஃபேக்டரை நெகட்டிவ் ஆக்குவோம்” என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். நம்பாதீர்கள்! எண் இறங்கினால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. விரல் மடங்குகிறதா, வீக்கம் வடிந்ததா, காலை விறைப்பு குறைந்ததா, இவைதான் கணக்கு.

சித்த மருந்து சாப்பிட விரும்பினால் தகுதி பெற்ற மருத்துவரிடம் சாப்பிடுங்கள். ஆனால் ஆங்கில மருத்துவர் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு மருத்துவரிடமும் இரண்டு மருந்தையும் சொல்லுங்கள், பற்ப செந்தூரம் உட்பட. இன்னொன்று: முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

எங்கே போவது?

இதில் நம் ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964 முதல் ஜிப்மர் என்ற பெயரோடு கோரிமேட்டில் நிற்கும் மருத்துவமனையில், நோயெதிர்ப்பியலுக்கென்றே ஒரு தனித் துறை இருக்கிறது. முடக்குவாதமும் லூப்பஸும் அங்கே அன்றாடம் பார்க்கும் நோய்கள். தென்னிந்தியத் தமிழ் நோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்சேட் எப்படி வேலை செய்கிறது என்று அந்தத் துறையினர் ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எடுத்த ரிப்போர்ட்டில் ‘ஆந்திகோர்’ என்று இருந்தால் அது வேறொன்றுமில்லை, இதே ஆன்டிபாடிதான். ஆனால் அங்கே வந்த எண்ணையும் இங்கே வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து “கூடிடுச்சே” என்று பதறாதீர்கள். முறையும் அளவும் லேபுக்கு லேப் மாறும்.

கவர் கைக்கு வந்ததும்...

* அறிகுறி இல்லாமல் ‘புரொஃபைல்’ எடுக்காதீர்கள். எதை எடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

* காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு வீக்கம் சில வாரங்கள் ஆகியும் வடியாவிட்டாலோ, ரிப்போர்ட் நெகட்டிவ் என்றாலும் மருத்துவரைப் பாருங்கள்.

* ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லோடு நிற்காமல் அளவைப் பாருங்கள். கொஞ்சம் தாண்டியதற்கும் மூன்று மடங்கு தாண்டியதற்கும் வித்தியாசம் உண்டு.

* ஏ.எஸ்.ஓ. என்பது முடக்குவாதப் பரிசோதனை அல்ல. முன்பு வந்த தொண்டைத் தொற்றின் சுவடு அது.

* இந்த எதிர்ப்பொருள் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. முடி, நகம் வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில பரிசோதனைகளை அது குழப்பும்.

* நோய் உறுதியான பிறகு ஆர்.ஏ. ஃபேக்டரையும் ஏ.என்.ஏ.யையும் மாதாமாதம் எடுக்க வேண்டியதில்லை. காசுதான் வீண்.

* பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள்.

ஒரு வழக்கில் சாட்சி முக்கியம்தான். ஆனால் தீர்ப்புச் சொல்வது சாட்சி அல்ல! உங்கள் கையிலிருக்கும் கவர் ஒரு சாட்சி. அதை மருத்துவரிடம் கொடுங்கள், கூடவே உங்கள் கையையும் நீட்டுங்கள். அவர் இரண்டையும் பார்க்கட்டும்.